பிள்ளையை விடுவதற்கு ஓர் இடம்

என் மகளுக்குப் பதினைந்து மாதம் ஆனபோது, அவளைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்த கீழ்வீட்டு அக்கா கட்டாருக்குப் போனார். அங்கே அவருடைய மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து இறங்கி வரும்போதுதான் சொன்னார். புதன்கிழமை விமானம்.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. டிக்கட் திடீர்னு கெடச்சிருச்சு" என்றார்.

கோபித்துக்கொள்ள எனக்கு நேரம் இருக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் கண்டி நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க். என் கணவர் கம்பளைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணக்கு ஆசிரியர். விடியும்போதே பஸ் ஏறினால்தான் முதல் பாடத்துக்கு நிற்கலாம். எங்கள் இருவரின் வீடுகளும் தேயிலைத் தோட்டத்தில், ஹட்டனுக்கும் அப்பால். இரண்டு அம்மாக்களும் இன்னும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்குக் காய்ச்சல், எனக்குக் காய்ச்சல், மறுபடியும் மகளுக்குக் காய்ச்சல் என்று என் லீவெல்லாம் முடிந்திருந்தது. "பிள்ளையும் முக்கியம், வேலையும் முக்கியம்" என்று மெனேஜர் சொல்லியிருந்தார். அதில் எதை முதலில் வைத்துச் சொல்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"இதுக்குப் போயி என்னா இவ்வளவு யோசன?" என்றார் அம்மா. "காம்பராவுல விட்டுட்டுத்தானே நான் மலைக்குப் போனேன். நீ வளரலயா?"

தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை. வரிசையாகத் துணித் தொட்டில்கள், ஓர் ஆயா, எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு சீமெந்துத் தரை. நானும் அதில்தான் கிடந்தேன். நல்ல இடமா கெட்ட இடமா என்று அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை, அம்மாவும் யாரிடமும் கேட்டதில்லை. இருந்தது ஒன்றுதான். அதில் விட்டார். எனக்கோ கண்டி நகரத்தில் மூலைக்கு மூலை டே கெயார். ஒவ்வொரு சுவரிலும் ஒரு யானைக்குட்டியும் ஒரு வானவில்லும்.

அலுவலகத்தில் எல்லோரும் ஒரே அறிவுரையைச் சொன்னார்கள். "ரெஜிஸ்டர் பண்ணின எடமாப் பாருங்க." எங்கே ரெஜிஸ்டர் பண்ணின இடம், யாரிடம் ரெஜிஸ்டர் பண்ணுவது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் திருப்பிக் கேட்டபோது, ஒருவருக்கும் தெரியவில்லை. "சுவருல சேர்ட்டிபிகேட் மாட்டியிருப்பாங்க" என்றாள் பக்கத்து மேசைக்காரி. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஆகவே நான் சுவரில் சேர்ட்டிபிகேட் மாட்டியிருந்த இடத்தைத் தேடினேன். நகரத்துக்கு மேலே ஏறும் பாதையொன்றில் அது கிடைத்தது. என் அலுவலகத்திலிருந்து நடந்தே போகலாம். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே குளிரூட்டிய வரவேற்பறை, மெத்தை வைத்த கதிரைகள். சேலை கட்டிய நிர்வாகி அம்மா எனக்கு ஒரு கோப்பி கொடுத்தார். அவருக்குப் பின்னால் பொன்நிறச் சட்டத்தில், அரசாங்க இலச்சினை பொறித்த ஒரு சான்றிதழ். முழுக்கச் சிங்களத்தில். நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். ஒரு பெண் எதிரே புன்னகைத்துக்கொண்டிருக்கும்போது எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்?

"பதிவு செஞ்ச இடம்தானே?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓ, நிச்சயமா மிஸ்" என்று சான்றிதழைக் கையால் காட்டினார்.

பிள்ளைகள் இருக்கும் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெற்றோர் உள்ளே வந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள், அழுவார்கள், அதனால் அனுமதிப்பதில்லை என்றார். அதற்குப் பதிலாக ஒரு டெப்லட்டில் படங்கள் காட்டினார். பிள்ளைகள் வர்ணம் தீட்டினார்கள், சோளம் சாப்பிட்டார்கள், கிறிஸ்மஸ் தாத்தாவுடன் நின்றார்கள். அந்த விதி எனக்கு நியாயமாகவே பட்டது. இதை எழுதும்போதும் என்னை நானே ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது.

முதல் வாரம் மகள் காலையில் அழுதாள். எல்லாப் பிள்ளைகளும் அழும் என்றார்கள். இரண்டாவது வாரம் அழுவதை நிறுத்தினாள். பழகிவிட்டாள் என்றார்கள். தண்ணீர்ப் போத்தல் நான் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வந்தது. கேட்டால், "இங்க வேற கப்புல குடிச்சா" என்பார்கள். மாலையில் அவளுடைய நெப்பி கல்லாகக் கனத்தது. கேட்டால், "இப்பத்தான் நனைச்சா" என்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. ஒவ்வொரு பதிலும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அலுவலகத்தில் கணினிகள் எல்லாம் நின்றுபோயின. பகல் சாப்பாட்டுக்கு முன்னரே எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் நேராக மகளிடம் போனேன். கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. மணியை அடித்தேன், யாரும் வரவில்லை. கட்டடத்தின் பக்கவாட்டில் ஒடுங்கிய படிகள் இறங்கின. அதில் இறங்கி, பின்பக்கத்து யன்னல் வழியாகப் பார்த்தேன்.

பதினேழு பிள்ளைகள். இரண்டு தடவை எண்ணினேன். பெரிய பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து சுவரில் ஓடிய கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பெண் இருந்தாள், பள்ளிக்கூடம் முடித்த வயது. ஒரு கையில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, மறு கையால் இன்னொன்றுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். என் மகள் மூலையில் ஒரு தள்ளுவண்டியில் வாரால் கட்டப்பட்டிருந்தாள். வண்டி சுவரைப் பார்த்துத் திருப்பியிருந்தது. அவள் தூங்கவில்லை, அழவுமில்லை. சுவரில் பெயின்ட் உரிந்த ஓர் இடத்தை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள், அதுதான் தன் வேலை என்பதுபோல.

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அந்தப் பெண் பயந்துபோய்க் கதவைத் திறந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் கழுத்தில் முகத்தை வைத்த பிறகுதான் அழத் தொடங்கினாள். நிர்வாகி அம்மா எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"இன்னைக்கு மட்டும் ரெண்டு பேர் லீவு மிஸ், இப்படி ஒரு நாளும்..."

"ஒங்க சேர்ட்டிபிகேட்ட நான் படம் எடுக்கணும்" என்றேன்.

அவர் தயங்கினார். நான் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை நீட்டி எடுத்தேன். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அப்போது எனக்குத் தெரியாது. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மறுநாள் சம்பளமில்லாத லீவு. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். கீழ்மாடியில் மேலே போகச் சொன்னார்கள். மேல்மாடியில், முன்பள்ளி என்றால் கடைசி அறை, டே கெயார் என்றால் இந்த அறை இல்லை என்றார்கள். கடைசி அறையில், டே கெயாருக்குப் பொறுப்பான மிஸ் வெளிவேலைக்குப் போயிருக்கிறார், பதினொரு மணிக்கு வருவார் என்றார்கள். பதினொன்றரைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். சிங்களப் பெண், தமிழும் நன்றாகவே பேசினார். மகள் அவருடைய மேசையிலிருந்த முத்திரைக் கட்டையை எடுத்துத் தன் முழங்காலில் குத்திக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"மிஸ், இது வியாபாரப் பேர் பதிவு பண்ணின சேர்ட்டிபிகேட். கடலைக் கடை போடுறதுக்கும் இதைத்தான் எடுக்கணும்."

எனக்குக் காது சுட்டது. "அப்ப அந்த எடத்துக்குப் பதிவே இல்லையா?"

"வியாபாரத்துக்குப் பதிவு இருக்கு. பிள்ளை பார்க்கிறதுக்கு இல்லை."

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். முன்பள்ளி என்று பதிவு செய்வது ஒன்று. அது மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, காலையில் சில மணித்தியாலங்களுக்கு. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு கைக்குழந்தைகளை மாலைவரை வைத்திருக்கிறவர்களும் உண்டு. பகல் பராமரிப்பு நிலையம் என்று பதிவு செய்வது வேறு. அதற்கு இடத்தை வந்து பார்ப்பார்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர், அவர்கள் என்ன பயிற்சி எடுத்தவர்கள், பொலிஸ் அறிக்கை இருக்கிறதா, சமையலறை எங்கே, அவசரத்துக்கு வெளியேற இன்னொரு கதவு இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். அந்தச் சான்றிதழிலே இடத்தின் முகவரியும் செல்லுபடியாகும் காலமும் இருக்கும்.

"முகவரியையும் திகதியையும் பாருங்க மிஸ். சில பேர் பழைய வீட்டுக்கு எடுத்ததைப் புது வீட்டுல மாட்டியிருப்பாங்க."

இதையெல்லாம் ஏன் ஒரு பலகையில் எழுதி பஸ் நிலையத்தில் மாட்டக் கூடாது என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த மிஸ் சிரித்துவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். பதிவு செய்த நிலையங்களின் பட்டியல். ஒன்றரைப் பக்கம். என்னை உட்கார வைத்துவிட்டு அவரே போய்ப் போட்டோ கொப்பி எடுத்து வந்தார்.

"நீங்க ஒங்க பிள்ளைய இதுல எங்க விட்டிருக்கீங்க மிஸ்?" என்று கேட்டேன். அதே இடத்தில் என் மகளையும் விட்டுவிடலாம் என்றுதான் கேட்டேன்.

அவர் பட்டியலைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட. எனக்கே எடம் கிடைக்கலை மிஸ்."

பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை. நான் முதலில் விட்ட இடத்தைப் பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுக்கச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் கடைசிக்கு முந்திய பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். "இது பேராதனைப் பக்கம். ஒரு நர்ஸ் அம்மா நடத்துறாங்க. இடம் நல்லம். ஆள் கொஞ்சம் கஷ்டம்."

அன்று பிற்பகல் முழுவதும் பட்டியலோடு போனில் இருந்தேன். முதல் இலக்கத்தை எடுத்தவர் கலகெதரயில் டயர் கடை வைத்திருந்தார். இந்த இலக்கத்துக்கு மாதம் இரண்டு தாய்மாராவது அழைப்பதாக அலுத்துக்கொண்டார். இரண்டாவது இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. மூன்றாவது இடத்தில் இப்போது மணப்பெண் அலங்காரம் செய்கிறார்கள். நான்காவது இடத்தில் இரண்டரை வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எடுப்பதில்லை. "நெப்பி போடாத பிள்ளையா இருந்தா பார்க்கலாம்" என்றார்கள். ஐந்தாவது இடத்தில் அடுத்த வருடத்துக்குப் பெயர் எழுதி வைக்கலாமாம். அடுத்த வருடம் வரைக்கும் பிள்ளையை எங்கே வைப்பது என்று கேட்டேன். பாவம், அவர்களிடம் கேட்டு என்ன பயன்?

புள்ளி வைத்த இடத்துக்கு எடுத்தேன். மணி நீண்ட நேரம் அடித்தது.

"ஓம், ஆர் கதைக்கிறது?" யாழ்ப்பாணத்துக் குரல்.

விபரம் சொன்னேன்.

"இப்ப இடமில்லைப் பிள்ளை. ஒரு குடும்பம் மாற்றலாகிப் போகுது எண்டு கேள்வி. நிச்சயமில்லை. உங்கட இலக்கத்தைத் தாங்கோ, இடம் வந்தா எடுப்பன்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

சனிக்கிழமை என் கணவர் ஒரு செய்தியோடு வந்தார். அவருடைய பாடசாலையில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை மடவளையில் ஒரு தாத்தாவிடம்தான் தன் பிள்ளையை விட்டிருக்கிறார். முஸ்லிம் வீடுகளில் மூத்த பெண்ணைத் தாத்தா என்று அழைப்பார்கள். பதிவெல்லாம் கிடையாது, தன் வீட்டிலேயே பார்க்கிறார், ஆனால் தங்கமான மனுஷி என்றார். அன்று மாலையே மூவரும் பஸ் ஏறிப் போனோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்தது. சின்ன வீடுதான். கூட்டித் துடைத்து, கூர்மையான மூலைகளுக்கெல்லாம் துணி சுற்றிக் கட்டியிருந்தார். என் மகள் அந்நியர்களைக் கண்டால் என் முந்தானைக்குள் ஒளிகிறவள். இவர் தரையில் உட்கார்ந்து ஒரு மூடியை உருட்டினார். அவ்வளவுதான், இறங்கி ஓடிவிட்டாள்.

"என்னட்ட இப்ப ஏழு புள்ளயல் ஈக்கி. ஒங்கட மகளோட எட்டு" என்றார் தாத்தா. "காலைல கஞ்சி, பகலைக்கி சோறும் பருப்பும். போன்ல ஒண்டும் காட்ட மாட்டன்."

"பதிவு பண்ணலயா தாத்தா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் கணவர் என் காலை மிதித்தார்.

அவர் வருத்தப்படவில்லை. "பதிவுப் போம் எல்லாம் எடுத்துட்டு வந்தன் மகள். ரெண்டாவது வாசல் வேணுமாம், புள்ளயளுக்குத் தனி பாத்ரூம் வேணுமாம். வாடகை வீட்டுல சுவர ஒடச்சா வீட்டுக்காரர் என்னயத்தான் ஒடப்பாரு." சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. திங்கட்கிழமை கொண்டு வருகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த யன்னலுக்குப் பிறகு என் வாய் கேள்வி கேட்கப் பழகிவிட்டிருந்தது.

"தாத்தா, ஒரு புள்ளைக்குத் திடீர்னு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா, மத்த ஏழு பேரையும் யாரு பாப்பா?"

தாத்தா மகள் உருட்டிவிட்ட மூடியைப் பிடித்து மறுபடி அவளிடம் உருட்டினார்.

"அத நானும் யோசிக்கியதுதான் மகள்" என்றார். "ஒங்களுக்குப் பொய் செல்லக் கூடாது. நான் தனிய. இதுவரைக்கும் அல்லாஹ் காப்பாத்தி ஈக்கி."

குளிரூட்டிய அறையில் கோப்பி கொடுத்தவர் ஒரு கேள்விக்குக்கூட உண்மை சொல்லவில்லை. இவர் ஒரே கேள்விக்கு முழு உண்மையையும் சொன்னார். அந்த உண்மையாலேயே என்னால் பிள்ளையை அவரிடம் விட முடியாமல் போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவர் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசினார்.

"ஒனக்கு மனுஷங்க வேணாம், பேப்பர்தான் வேணும்."

"எனக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் ஓடுனா ஒருத்தர் நிக்கணும்."

"அப்ப வேலைய விட்டுடு."

"நீங்க விடுங்க."

அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் சோறு ஆறிப் போனது. யாரும் சாப்பிடவில்லை, மகளைத் தவிர.

திங்கட்கிழமையும் லீவு போட்டேன். மெனேஜர் "சரி" என்று மட்டும் சொன்னார், அதைவிடத் திட்டியிருக்கலாம். பத்து மணிக்குப் போன் அடித்தது. யாழ்ப்பாணத்துக் குரல்.

"அந்தக் குடும்பம் போயிட்டுது. இண்டைக்கே வாங்கோ. பிள்ளையின்ர கிளினிக் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பன்ர அடையாள அட்டை கொப்பி, படம் எல்லாம் கொண்டு வரோணும்."

பேராதனைக்குப் போகும் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், பழைய ஓட்டு வீடு. யானைக்குட்டி இல்லை, வானவில்லும் இல்லை. அந்த அம்மா ஓய்வுபெற்ற தாதி. பல வருடம் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்ட்டில் வேலை செய்தவர். முதலில் என்னை வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போனார். சமையலறை, பின்கதவு, மருந்துப் பெட்டி, பிள்ளைகள் தூங்கும் அறை, மூன்று உதவியாளர்கள். சுவரில் சட்டம் போடாத சான்றிதழ், டேப் ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். முகவரி, திகதி. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"வாசிச்சு முடிஞ்சுதோ? இப்ப நான் கேக்கிறன்."

கேட்டார். மகளுக்கு எது ஒவ்வாது, எப்படித் தூங்குவாள், காய்ச்சல் வந்தால் வலிப்பு வந்திருக்கிறதா, வீட்டில் யாராவது குடிக்கிறார்களா, எனக்கும் கணவருக்கும் இடையில் வழக்கு ஏதும் இருக்கிறதா. நேற்றையச் சண்டையை நினைத்துக்கொண்டு இல்லை என்றேன். ஆறு பக்கம் படிவம். பிள்ளையைக் கூட்டிப் போக அனுமதி உள்ளவர்கள் என்று ஒரு பகுதி இருந்தது. ஒவ்வொருவருக்கும் படமும் அடையாள அட்டைப் பிரதியும் ஒட்ட வேண்டும். என்னுடையதை ஒட்டினேன். கணவரின் படம் என்னிடம் இல்லை. பிறகு கொண்டு வருவதாகச் சொல்லி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

மூன்று வாரம் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது. அந்த அம்மா தினமும் கேட்டார். நான் தினமும் வீட்டில் கேட்டேன். "என் பிள்ளையப் பாக்க எனக்கு என்னத்துக்குப் படம்?" என்றார் கணவர். கணக்கு வாத்தியார்களுக்கே உரிய பிடிவாதம். இதற்கிடையில் பகல் தூக்கத்துக்குப் பழைய விரிப்பு அனுப்பினேன், அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். மகளின் முடியில் குத்திய சின்னக் கொண்டை ஊசியைக் கழற்றி ஒரு உறையில் போட்டு, விழுங்கிவிடுவாள் என்று எழுதி அனுப்பினார். இருமினால் எடுக்க மாட்டார். ஐந்து நிமிடம் பிந்தினால் புத்தகத்தில் கையெழுத்து வைக்கச் சொல்வார். சில நாட்களில் மடவளைத் தாத்தாவிடமே விட்டிருக்கலாமோ என்று தோன்றும்.

பிறகு ஒரு நாள் கணவரின் பாடசாலை சீக்கிரம் விட்டது. எனக்கு ஒரு சந்தோஷம் காட்டலாம் என்று, சொல்லாமலேயே மகளைக் கூட்டிவரப் போயிருக்கிறார். மூன்று மணியளவில் எனக்குப் போன்.

"உள்ள விட மாட்டேங்குது அந்தம்மா!" அவர் கத்துவது முன் கவுண்டர் வரைக்கும் கேட்டது. "நான் அப்பான்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குது!"

"போன அவங்ககிட்ட குடுங்க."

அந்த அம்மாவிடம் நான் கெஞ்சினேன். அவர்தான் என் கணவர், பிள்ளையைக் கொடுங்கள் என்றேன்.

"போனில வாறது உங்கட குரல்தான் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? நீங்கள் வாங்கோ."

மெனேஜரிடம் போய் நின்றேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். த்ரீவீல் பிடித்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பேராதனை வீதியில் வாகனங்கள் நகரவே இல்லை. எனக்கு யார்மீது கோபம் என்றே தெரியவில்லை. கணவர்மீது, அந்த அம்மாமீது, முன்னால் நின்ற லொறிமீது, எல்லோர்மீதும்.

போய்ச் சேர்ந்தபோது என் கணவர் பூட்டிய கேட்டுக்கு வெளியே முழுக்க நனைந்து நின்றார். சப்பாத்தில் தண்ணீர். அந்த அம்மா உள்ளே குடையோடு நின்றார். வராந்தாவில் ஓர் உதவியாளரின் இடுப்பில் என் மகள். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, அவளே கூப்பிடுறா! கேக்கலயா ஒங்களுக்கு?" என்றார் கணவர்.

"கேக்குது தம்பி" என்றார் அந்த அம்மா. "பால் கொண்டு வாற ஆளையும் இவ அப்பா எண்டுதான் கூப்பிடுறா."

நான் கத்துவதற்காகத்தான் வந்தேன். த்ரீவீலில் வரும்போதே வசனங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒரு தகப்பனை இப்படி மழையில் நிற்க வைக்கலாமா, நீங்களும் ஒரு மனுஷியா, நாளையிலிருந்து பிள்ளையைக் கொண்டு வர மாட்டேன், இப்படியெல்லாம். வாயைத் திறந்தேன். சிலதைச் சொல்லியும்விட்டேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் மூச்சு வாங்க நின்றபோது சொன்னார்:

"கோவம் வரத்தான் செய்யும். நாளைக்குக் கொண்டு வராட்டி விடுங்கோ, அது உங்கட விருப்பம். ஆனா ஆரெண்டு தெரியாத ஆளிட்ட நான் பிள்ளையைத் தூக்கிக் குடுக்க மாட்டன். குடுக்கிற இடம் வேணுமெண்டால் கண்டியில எத்தினையோ இருக்கு."

இருக்கிறது. ஒன்றில் நான் விட்டிருந்தேன். அந்தக் கண்ணாடிக் கதவு இடத்தில் என் கணவர் இரண்டு தடவை போய் மகளைக் கூட்டி வந்திருக்கிறார். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நன்றாகப் பழகுகிற மனிதர்கள் என்று அப்போது மெச்சிக்கொண்டார். அது நினைவுக்கு வந்ததும் மீதி வசனங்கள் எனக்கு வரவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. சரியாக நடந்துகொண்ட ஒருவர்மீது கோபப்படுவதைப் போல எரிச்சலான காரியம் வேறொன்றில்லை.

என் அடையாள அட்டையைக் காட்டினேன். மூன்று வாரமாக என் முகத்தைத் தினமும் பார்க்கிறவர், அதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்தார். உள்ளே கூப்பிட்டு, கணவருக்குத் தலை துவட்ட ஒரு துவாய் கொடுத்தார், இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மகள் தகப்பனின் ஈரச் சட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவருடைய தாடியைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சனம் நெருக்கியது. யாரோ ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். மகள் மடியில் தூங்கிவிட்டாள். கணவர் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்ததும் குனிந்தார்.

"நாளைக்கு ஸ்டூடியோவுக்குப் போயி ஒரு படம் எடுத்துர்றேன்."

"எடுங்க."

"தாடிய வழிச்சிட்டு எடுக்கவா, இப்படியே எடுக்கவா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "இப்படியே எடுங்க" என்றேன். "வழிச்சிட்டு எடுத்து, அப்புறம் வளத்துட்டுப் போயி நின்னீங்கன்னா, அந்தம்மா மறுபடியும் கேட்டத் தெறக்காது."

அவர் சிரிக்கவில்லை. அதையும் அவர் ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டார்.